விடிகாலைக் குளிரில் ஸ்டார்ட் ஆகாத அம்பாசடர்

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு மார்கழியும் தையும் சோதனைக் காலம். முந்தின நாள் மாலை ஒரே தொடுதலில் ஸ்டார்ட் ஆன வண்டி, விடிந்ததும் செல்ஃப் அடிக்க அடிக்க முனகுமே தவிரப் பற்றாது. ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். மெக்கானிக் வந்து பார்க்கிற நேரத்தில் கோளாறு போயிருக்கும். அதனால் அவர் இந்த முறை பிளக்கை மாற்றுவார், அடுத்த முறை காயிலை மாற்றுவார், அதற்கும் அடுத்த முறை கார்பரேட்டரைக் கழற்றுவார். கோளாறு காலை ஆறு மணிக்கு வருகிறது. அந்த நேரத்தில் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பவர் நீங்கள் மட்டும்தான். எனவே இந்த வேலையை நீங்களே செய்வதுதான் சரி. கஷ்டமான வேலையும் அல்ல.

இங்கே சொல்வதெல்லாம் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் பாயிண்ட் வைத்த இக்னிஷனும் உள்ள அம்பாசடருக்கு. 1957 முதல் 2014 வரை உத்தர்பாராவில் தயாரான இந்தக் காரில் மிக நீண்ட காலம் இருந்தது பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் எஞ்சின்தான். டிஸ்ட்ரிபியூட்டரும் செல்ஃபும் பெரும்பாலும் சென்னை பாடியில் உள்ள லூகாஸ் டி.வி.எஸ். தயாரிப்பாக இருக்கும். பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களும் இதே வரிசையில் போகலாம். இடைவெளி அளவுகளை மட்டும் தங்கள் வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். டீசல் எஞ்சினுக்கும் பின்னாளில் வந்த இசுசு 1.8 எஞ்சினுக்கும் இது பொருந்தாது.

எதையும் வாங்கி மாட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள். அளப்பதற்கு ஒரு வரிசை உண்டு: பேட்டரி, எர்த், காயிலுக்கு வரும் கரண்ட், பாயிண்ட், அதன்பின் ரோட்டார், கேப், ஒயர், பிளக். பெட்ரோல் கடைசி. குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் பாதிக் கோளாறு முதல் நான்கில் அடங்கிவிடும் என்பது என் அனுபவம். ஆனால் பெரும்பாலானவர்கள் தொடங்குவது பிளக்கில்.

குளிரில் மட்டும் ஏன்?

தெரிய வேண்டியது இவ்வளவுதான். குளிரில் பேட்டரியின் திறன் குறைகிறது. எஞ்சின் ஆயில் கெட்டிப்படுவதால் செல்ஃப் கூடுதல் கரண்டை இழுக்கிறது. செல்ஃப் இழுக்கும்போது பேட்டரியின் வோல்டேஜ் சரிகிறது. மிச்சமிருப்பதுதான் காயிலுக்குக் கிடைக்கும். பெட்ரோலும் குளிரில் சரியாக ஆவியாகாது என்பதால், ஸ்பார்க் வலுவாக இருக்க வேண்டிய நேரத்தில்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கிறது. வெயில் நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குறைகளெல்லாம் அப்போது ஒன்றுகூடிவிடும்.

முதலில் காதால் கேளுங்கள்

பானட்டைத் திறக்கும் முன் ஒரே ஒரு முறை செல்ஃப் அடித்து, கவனித்துக் கேளுங்கள்.

* செல்ஃப் மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றினால்: பேட்டரி, கேபிள், எர்த். வேறெங்கும் போக வேண்டாம்.

* எஞ்சின் சுற்றாமல் செல்ஃப் மட்டும் தனியாக உய்யென்று சுற்றினால்: செல்ஃபின் பெண்டிக்ஸ் அழுக்கில் ஒட்டியிருக்கிறது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். ஆயில் போடக் கூடாது. ஆயிலில் கிளட்ச் தூசி படிந்தால் இன்னும் ஒட்டும்.

* எஞ்சின் நன்றாகச் சுற்றியும் ஒரு முறைகூடப் பற்றவில்லை என்றால்: ஸ்பார்க் வரவே இல்லை, அல்லது பெட்ரோல் வரவே இல்லை.

* சுற்றும்போது பற்றாமல், சாவியை விடுகிற அந்த நொடியில் ஒரு தடவை பற்றினால்: இந்த அறிகுறியைத் தவறவிடாதீர்கள். செல்ஃப் ஓடும் வரை காயிலுக்கு வோல்டேஜ் போதவில்லை. செல்ஃப் நின்றதும் வோல்டேஜ் மீள்கிறது, சுழற்சியின் மிச்ச வேகத்தில் எஞ்சின் ஒரு முறை பற்றுகிறது. கோளாறு பேட்டரிக்கும் காயிலுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பிளக்கையும் கார்பரேட்டரையும் தொடவே வேண்டாம்.

* பற்றி, நாலைந்து வினாடி ஓடி அணைந்தால்: சோக், அல்லது பெட்ரோல்.

கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் (சின்ன பல்பு போதும்), ஃபீலர் கேஜ், பிளக் ஸ்பேனர், சின்ன ஸ்க்ரூ டிரைவர், மிக நைஸான உப்புத்தாள், பஞ்சு பிரியாத பருத்தித் துணி, கிளிப் வைத்த ஸ்பார்க் டெஸ்டர். கடைசியாகச் சொன்னது சில நூறு ரூபாய்தான். பிளக்கைக் கையில் பிடித்து எஞ்சினில் ஒட்டிப் பார்க்கும் பழக்கத்தை அதோடு விட்டுவிடலாம். உதவிக்குச் சாவியைத் திருப்ப ஒருவரும் வேண்டும்.

பாதுகாப்பு: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

1. கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் மேலே, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை அல்லது கல். மலைப்பாதையில் நிறுத்திய வண்டிக்கு ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பவே கூடாது.

2. மோதிரம், வாட்ச், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றுங்கள். பேட்டரி முனைக்கும் பாடிக்கும் நடுவில் மோதிரம் மாட்டினால் அது ஒரு நொடியில் பழுக்கக் காயும். மலையில் இன்னொன்று: மஃப்ளர். ஓடும் ஃபேன் பெல்ட்டின் மேல் குனியும்போது கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது.

3. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். குளிருக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்வது உயிருக்கே ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

4. பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்பார்க் சோதனை செய்யாதீர்கள். கசிவைத் துடைத்து, காற்றாட விட்டு, வாடை போன பிறகே செய்ய வேண்டும்.

5. பிளக்கைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றினால் ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி பீச்சும். டெஸ்டரை அந்த ஓட்டைகளிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி மாட்டுங்கள்.

6. கார்பரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றி ஸ்டார்ட் செய்வது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. டைமிங் சற்று பிசகியிருந்தால் எஞ்சின் திருப்பி அடிக்கும், தீ நேராக முகத்துக்கு வரும். செய்யவே செய்யாதீர்கள். பெட்ரோல் இருக்கிறதா என்று அறிய வேறு வழி இருக்கிறது, பின்னால் வருகிறது.

7. இரண்டு கிலோ ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். டிக்கிக்குள் ஸ்டெப்னிக்கு அடியில் இருந்தால் பயனில்லை.

முதல் கட்டம்: பேட்டரியும் எர்த்தும்

தொடங்கும் முன் பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள். பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனை பாடிக்குப் போகும். பிற்பாடு மாற்றப்பட்டும் இருக்கலாம். பாசிட்டிவ் எர்த் வண்டியானால் மீட்டரின் சிவப்பு, கறுப்பு ஒயர்களை இடம் மாற்றிப் பிடித்தால் போதும். கீழே உள்ள அளவுகள் அப்படியே பொருந்தும்.

1. செல்ஃப் அடிப்பதற்கு முன் பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழ் என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள், மற்ற சோதனைகளைப் பிறகு பார்க்கலாம்.

2. இப்போது உதவியாளரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, அடிக்கும்போதே மீட்டரைப் பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. நின்ற நிலையில் 12.6 காட்டி, செல்ஃப் அடித்ததும் 8-க்கு விழுகிற பேட்டரி தேய்ந்துவிட்டது. இப்படிப்பட்ட பேட்டரிகள் வெயிலில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், முதல் பனியில் படுத்துவிடும்.

3. பேட்டரி சரியென்றால் எர்த். மீட்டரின் ஒரு ஒயரைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒன்று, ஒன்றரை என்று காட்டினால் அவ்வளவும் வழியில் வீணாகிறது.

4. இதேபோல் பேட்டரியின் மற்ற முனையிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய முனை வரை அளங்கள். இதுவும் 0.5-ஐத் தாண்டினால் கேபிளின் முனைகளையோ சோலினாய்டையோ பார்க்க வேண்டும்.

எர்த் பற்றி இன்னும் கொஞ்சம். எஞ்சினும் கியர் பாக்ஸும் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது. அதனால் எஞ்சினையும் பாடியையும் இணைக்கப் பின்னல் கம்பிப் பட்டை ஒன்று இருக்கும். கிளட்ச் வேலைக்கோ மவுண்டிங் மாற்றவோ இறக்கி ஏற்றும்போது அதைத் திரும்ப மாட்ட மறந்துவிடுவார்கள், அல்லது புதுப் பெயின்ட்டின் மேலேயே வைத்து முடுக்கிவிடுவார்கள். பட்டை வேலை செய்யாவிட்டால் செல்ஃபின் கரண்ட் வேறு வழி தேடும். சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் எது கிடைக்கிறதோ அதன் வழியாகப் போகும். நாலைந்து முறை செல்ஃப் அடித்தபின் சோக் பிடியின் கம்பியைத் தொட்டுப் பாருங்கள். அது சூடாக இருந்தால், அதன் உறையிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால், வேறு சோதனையே வேண்டாம். எர்த் பட்டையைக் கழற்றி, இரு பக்கமும் தகரம் பளிச்சென்று தெரியும் வரை உப்புத்தாளால் தேய்த்து, முடுக்கி, மேலே வாஸ்லின் பூசுங்கள். குளிர்காலக் கோளாறுகளில் இவ்வளவு மலிவாகத் தீர்வது வேறில்லை.

குறிப்பு: வேறு வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்வதானால், முனைகளைப் பெயர் பார்த்துப் பொருத்துங்கள், பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவ். உங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த்தாக இருந்தால் இரண்டு வண்டிகளின் பம்பரும் ஒன்றோடொன்று தொடக் கூடாது. கடைசி இணைப்பைப் பேட்டரியில் கொடுக்காமல், தள்ளி எஞ்சின் போல்ட் ஒன்றில் கொடுங்கள். பேட்டரியிலிருந்து வரும் வாயு ஒரு பொறியில் வெடிக்கும்.

இரண்டாம் கட்டம்: காயில், பாயிண்ட், கண்டன்சர்

இதுதான் இந்த அத்தியாயத்தின் மையம். நிதானமாகச் செய்யுங்கள்.

காயிலில் இரண்டு சின்ன முனைகள் இருக்கும். ஒன்றுக்கு இக்னிஷன் சாவியிலிருந்து ஒயர் வரும். மற்றதிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒயர் போகும். முதலாவதைச் சாவி முனை என்றும், மற்றதைப் பாயிண்ட் முனை என்றும் சொல்கிறேன்.

1. செல்ஃப் அடிக்கும்போது சாவி முனைக்கும் எஞ்சினுக்கும் நடுவே வோல்டேஜைப் பாருங்கள். அதே நேரத்தில் பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட், மிஞ்சினால் ஒரு வோல்ட் குறையலாம். அதற்கு மேல் குறைந்தால் இக்னிஷன் சுவிட்சின் உள்முனை தேய்ந்திருக்கிறது, அல்லது நடுவில் எங்கோ ஒயர் இணைப்பு பச்சை பிடித்திருக்கிறது. உறுதிப்படுத்த, ஃபியூஸ் வைத்த ஒயரால் பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து நேராகச் சாவி முனைக்குக் கரண்ட் கொடுத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். உடனே பற்றினால் சுவிட்ச்சோ ஒயரோதான். கவனம்: இந்த ஒயர் இருக்கும் வரை சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது. ஒயரைப் பிடுங்கித்தான் நிறுத்த வேண்டும்.

2. டெஸ்ட் லேம்பைப் பாயிண்ட் முனைக்கும் எஞ்சினுக்கும் நடுவே மாட்டி, சாவியை ஆன் செய்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பாயிண்ட் திறக்கும்போது எரியும், மூடும்போது அணையும். அதாவது லேம்ப் மினுக்க வேண்டும்.

3. எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது மூடியும் கரண்ட் போகவில்லை. முகத்தில் ஆயிலோ துருவோ இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ளே போகும் மெல்லிய பின்னல் ஒயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கவும் கூடும். வேக்குவம் இழுக்கும்போதெல்லாம் தட்டு அசைவதால் அந்த ஒயர் வளைந்து வளைந்து இற்றுப்போகும். வெளியில் உறை நன்றாகவே தெரியும். மெதுவாக இழுத்துப் பாருங்கள், ரப்பர்போல நீண்டால் உள்ளே கம்பி இல்லை.

4. எரியவே இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் ஒயரைப் பாயிண்ட் முனையிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது எரிந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஷார்ட். அப்போதும் எரியாவிட்டால், சாவி முனையில் கரண்ட் இருக்கும் பட்சத்தில், காயிலின் உட்சுற்று அறுந்திருக்கிறது.

5. லேம்ப் சரியாக மினுக்கினாலும் நின்றுவிடாதீர்கள். எஞ்சினைக் கையால் சுற்றிப் பாயிண்ட்டை மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, சாவி ஆன் செய்து, பாயிண்ட் முனைக்கும் எஞ்சினுக்கும் நடுவே மீட்டரில் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் பாயிண்ட் முகமோ உள் எர்த்தோ கரண்டைத் தடுக்கிறது. வெயிலில் ஓடும், குளிரில் ஓடாது என்கிற வண்டிகளில் இந்த ஓர் அளவு அடிக்கடி காட்டிக்கொடுக்கும். பார்த்தவுடன் சாவியை ஆஃப் செய்யுங்கள். பாயிண்ட் மூடியிருக்கச் சாவியை ஆனிலேயே விட்டால் காயில் சூடாகிக் கெட்டுப்போகும்.

பாயிண்ட் வைப்பது

1. கேப்பையும் ரோட்டாரையும் கழற்றுங்கள். பாயிண்ட் முகத்தில் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியும் இருந்தால் மாற்றிவிடுங்கள். லேசான கறுப்பு மட்டும் என்றால் நைஸ் உப்புத்தாளை மடித்து நடுவில் விட்டு இரண்டு இழுப்பு, பிறகு திண்ணரில் நனைத்த கெட்டி அட்டையை விட்டு ஒரு இழுப்பு. உப்புத்தாளின் துகள் ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது.

2. புதுப் பாயிண்ட்டில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும். துடைக்காமல் மாட்டினால் முதல் நாளே தகராறு செய்யும்.

3. ஸ்ப்ரிங் மாட்டும் சின்னத் தூணில் வாஷர்களின் வரிசைதான் முக்கியம். கண்டன்சர் ஒயரும் காயிலிலிருந்து வரும் ஒயரும் ஸ்ப்ரிங்கைத் தொட வேண்டும். ஆனால் தூணையோ அடித்தட்டையோ தொடக் கூடாது. அதற்காகத்தான் அந்த நைலான் புஷ் இருக்கிறது. கழற்றும்போதே செல்போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். புதுப் பாயிண்ட் போட்டதும் ஸ்பார்க் அடியோடு போய்விட்டது என்றால் பத்தில் ஒன்பது முறை இந்தப் புஷ் இடம் மாறியிருக்கும்.

4. வண்டியை டாப் கியரில் போட்டு, சமதரையில் மெதுவாக முன்னே தள்ளுங்கள். நான்கு மூலையுள்ள கேமின் ஒரு முனை, பாயிண்ட்டின் ஃபைபர் குதிகாலைச் சரியாக உச்சியில் தூக்கும் இடத்தில் நிறுத்தி, மறுபடி நியூட்ரல்.

5. ஃபீலர் கேஜின் தகட்டைத் துடைத்துவிட்டு இடைவெளி வையுங்கள். 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், அதாவது பழைய கணக்கில் 14 முதல் 16 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தகடு லேசாக உரசிப் போக வேண்டும், பாயிண்ட்டைத் தள்ளக் கூடாது. ஸ்க்ரூவை முடுக்கிய பிறகு மறுபடி அளங்கள். முடுக்கும்போது நகர்ந்துவிடும்.

6. கேமில் தீக்குச்சி முனையளவு கிரீஸ், ரோட்டார் உட்காரும் தண்டின் தலையில் இரண்டு சொட்டு ஆயில். கூடினால் அதுவே பாயிண்ட் முகத்துக்குப் போய்ச் சேரும்.

ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், கூடவே டைமிங்கும் பின்தங்கும். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறும் என்பதால் அதையும் சரிபார்த்துவிடுங்கள். எத்தனை டிகிரி என்பதை உங்கள் எஞ்சினின் கையேட்டிலிருந்து எடுங்கள், அக்கம்பக்கத்தில் கேட்டு வைக்காதீர்கள். கம்ப்ரஷன் அளவுக்கு ஏற்ப அது மாறும்.

கண்டன்சரும் காயிலும்

கண்டன்சர் பலவீனமானால் பாயிண்ட் சீக்கிரம் கருகும், ஸ்பார்க் மஞ்சளாக இளைத்துத் தெரியும். வீட்டில் இதைச் சோதிக்க நம்பகமான வழி, நன்றாக இருப்பதாகத் தெரிந்த இன்னொன்றைத் தற்காலிகமாக மாட்டிப் பார்ப்பதுதான். இப்போது கடைகளில் கிடைப்பவற்றில் தரம் ஏறுமாறாக இருக்கிறது. புதியது என்பதாலேயே நல்லது என்று நம்பாதீர்கள்.

காயிலின் இரு சின்ன முனைகளிலிருந்தும் ஒயரைக் கழற்றிவிட்டு, நடுவே ஓம் அளங்கள். அம்பாசடருக்கு உரிய சாதாரணக் காயில் சுமார் 3 ஓம் காட்டும். ஒன்றரை ஓம் காட்டினால் அது பாலாஸ்ட் ரெசிஸ்டரோடு சேர்த்துப் போட வேண்டிய காயில். முன்பு வைத்திருந்த யாரோ மாற்றியிருக்கிறார்கள். ரெசிஸ்டர் இல்லாமல் அது ஓடினால் காயில் கொதிக்கும், பாயிண்ட் கருகும். 3 ஓம் காயிலுக்கு முன்னால் தேவையில்லாத ரெசிஸ்டர் இருந்தால் ஸ்பார்க் எப்போதும் பலவீனம்தான், குளிரில் சுத்தமாகப் படுத்துவிடும்.

இன்னொரு ரகசியக் குற்றவாளி, முனைகள் மாறிய காயில். நெகட்டிவ் எர்த் வண்டியில் காயிலின் பிளஸ் முனை சாவிக்கும் மைனஸ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்கும் போக வேண்டும். பாசிட்டிவ் எர்த்தில் இது தலைகீழ். மாற்றிக் கொடுத்தாலும் வண்டி ஓடும், அதனால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை. ஆனால் பிளக்கில் ஸ்பார்க் தாண்டக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும். அந்தக் கூடுதலைக் குளிர்ந்த காலையில் காயிலால் தர முடியாது. பழைய லூகாஸ் காயில்களில் பிளஸ், மைனஸ் இருக்காது, எஸ்.டபிள்யூ., சி.பி. என்ற எழுத்துகள் இருக்கும். அவை பாசிட்டிவ் எர்த் காலத்துப் பெயர்கள். வண்டி பின்னால் நெகட்டிவ் எர்த்துக்கு மாறியிருந்தால் அந்த எழுத்துகளுக்கு எதிராக, சி.பி. முனையைச் சாவிக்குக் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் கட்டம்: கேப், ரோட்டார், ஒயர், பிளக்

1. காயிலிலிருந்து கேப்பின் நடுவுக்கு வரும் தடித்த ஒயரைக் கேப்பிலிருந்து உருவி, ஸ்பார்க் டெஸ்டரில் மாட்டுங்கள். டெஸ்டரின் கிளிப் எஞ்சினின் இரும்பில் இறுகப் பிடித்திருக்க வேண்டும். இடைவெளியை 6 மில்லிமீட்டருக்கு வைத்துச் செல்ஃப் அடியுங்கள். நீலம் கலந்த வெள்ளையில், டப் டப் என்ற சத்தத்தோடு தாண்டினால் காயில் வரை சரி. நிழலில் பாருங்கள், வெயிலில் நிறம் தெரியாது. ஒயரை எதிலும் மாட்டாமல் சும்மா தொங்கவிட்டுச் சுற்றக் கூடாது. போக வழியில்லாத ஸ்பார்க் காயிலுக்குள்ளேயே துளைத்துக்கொண்டு போகும்.

2. கேப்பை உள்ளும் புறமும் பாருங்கள். மலையில் இரவு வெளியில் நின்ற வண்டியில் உள்பக்கம் பனி வியர்த்திருக்கும். காய்ந்த துணியால் துடைத்தாலே பாதி வண்டிகள் ஸ்டார்ட் ஆகும். ஈரம் விரட்டும் ஸ்பிரே அடித்தால் அது ஆவியாகும் வரை பொறுத்திருந்து மூடுங்கள், உடனே செல்ஃப் அடித்தால் கேப்புக்குள் பற்றும்.

3. பித்தளை முனைகளுக்கு நடுவில் பென்சிலால் கிறுக்கியதுபோல மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் அது விரிசல், அதன் வழியாக ஸ்பார்க் தரைக்கு ஓடுகிறது. சுரண்டிப் பயனில்லை, மாற்றுங்கள். நடுவில் உள்ள கார்பன் குச்சி ஸ்ப்ரிங்கோடு உள்ளே போய் வெளியே வர வேண்டும்.

4. ரோட்டார் பார்வைக்கு நன்றாக இருந்தும் உள்ளுக்குள் தண்டுக்குக் கசியலாம். சோதிக்க: ரோட்டார் தன் இடத்தில் இருக்க, காயில் ஒயரின் முனையை இன்சுலேஷன் உள்ள பிளையரால் பிடித்து, ரோட்டாரின் உலோகத் தகட்டுக்கு 3 மில்லிமீட்டர் மேலே காட்டிச் செல்ஃப் அடியுங்கள். ஸ்பார்க் தொடர்ந்து தாண்டினால் ரோட்டார் கசிகிறது. ஒன்றுமே தாண்டாவிட்டால் நல்ல ரோட்டார். சுருக்கமாகச் செய்யுங்கள், இங்கே ஸ்பார்க்குக்கு வேறு வழியில்லை.

5. பிளக் ஒயர்களை இருட்டில், எஞ்சின் ஓடும்போது பாருங்கள். நீலமாக மினுங்கும் ஒயர் கசிகிறது. கையால் தொடாதீர்கள். ஒயர்களைக் கழற்றி மாட்டும்போது ஒவ்வொன்றாகச் செய்வது நல்லது. குழம்பிவிட்டால் வரிசை 1-3-4-2, ரோட்டார் மேலிருந்து பார்க்கக் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றும், ஒன்றாம் சிலிண்டர் ரேடியேட்டர் பக்கம். பானட்டுக்கு அடியில் எலி கடித்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள், குளிரில் அவை சூடான எஞ்சினைத் தேடி வரும்.

6. பிளக். இடைவெளி 0.6 மில்லிமீட்டர், 25 தவ். உலர்ந்த கரி படிந்திருந்தால் சோக்கை அதிக நேரம் இழுத்து வைத்து ஓட்டுகிறீர்கள், அல்லது கலவை கொழுத்திருக்கிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே இருப்பதால் காற்றின் அடர்த்தி கடலோரத்தைப்போலச் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான். சமவெளியில் டியூன் செய்த கார்பரேட்டர் இங்கே பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்கும். மணல் அடித்துச் சுத்தம் செய்த பிளக்கை நான் விரும்புவதில்லை. ஒரு மணல் துகள் பீங்கானுக்கு அருகில் தங்கி, பின்பு சிலிண்டருக்குள் விழும். நான்கு புது பிளக்கின் விலை அதற்கு ஈடாகாது. மாட்டும்போது முதலில் கையாலேயே அடிவரை திருகி, பிறகுதான் ஸ்பேனர்.

பெட்ரோல் பக்கம், சுருக்கமாக

பத்து வினாடி செல்ஃப் அடித்தபின் ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. எலும்புபோல உலர்ந்திருந்தால் வரவில்லை. கார்பரேட்டர் வாயில் ஊற்றிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

உலர்ந்திருந்தால் ஏ.சி. பெட்ரோல் பம்ப், ஃபில்டர், ஊசி வால்வு என்ற வரிசையில் போங்கள். வண்டி வாரக்கணக்கில் நின்றிருந்தால் மிதவைத் தொட்டியில் இருந்த பெட்ரோல் ஆவியாகியிருக்கும், பம்ப் நிரப்பச் சற்று நேரம் பிடிக்கும். இன்று பங்க்குகளில் கிடைக்கும் இ-20 பெட்ரோலில் உள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களை இளக்கும். மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டியில் அதைத் தேக்கி வைக்காதீர்கள்.

நனைந்திருந்து பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தால் ஓவர்ஃப்ளோ. சோக்கை முழுதும் உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்து (பம்ப் செய்யாமல்) பத்து வினாடி செல்ஃப் அடியுங்கள். பற்றாவிட்டால் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து, அரை மணி நேரம் காய விடுங்கள். நனைந்த பிளக்கை அடுப்பில் காட்டுவதும் வேண்டாம்.

குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்யும் முறை

1. ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் எல்லாம் ஆஃப். கிளட்ச்சை அழுத்திப் பிடியுங்கள். கியர் பாக்ஸின் கெட்டி ஆயிலைச் சுற்றும் சுமை செல்ஃபுக்கு மிச்சம்.

2. சோக்கை முழுதும் இழுங்கள். கார்பரேட்டர் சோலக்ஸ் வகையாக இருந்து, ஆக்ஸிலரேட்டர் பம்ப் இருந்தால் ஒரு முறை மெதுவாக மிதித்து விடுங்கள். எஸ்.யு. வகையில் அந்தப் பம்ப் கிடையாது, மிதித்துப் பயனில்லை.

3. செல்ஃப் ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் வேண்டாம். அடுத்த தடவைக்கு முன் ஒரு நிமிடம் ஓய்வு. அந்த ஓய்வில் பேட்டரி கொஞ்சம் மீளும், செல்ஃபும் ஆறும்.

4. மூன்று தடவைக்குள் பற்றாவிட்டால் நிறுத்துங்கள். நான்காவது தடவை பேட்டரியைத்தான் தின்னும். பானட்டைத் திறந்து முதல் கட்டத்திலிருந்து தொடங்குங்கள், கோளாறு அப்போது கண்ணெதிரே இருக்கிறது.

5. பற்றியதும் சோக்கைக் கால் பங்கு உள்ளே தள்ளி, ஓட்டம் சீரானதும் படிப்படியாக முழுதும் தள்ளுங்கள்.

ஹேண்டில் போடுவதானால்

பேட்டரி படுத்த வண்டிக்கு ஹேண்டில் நல்ல துணை. செல்ஃப் இழுக்காததால் மிச்சமிருக்கும் கரண்ட் முழுதும் காயிலுக்குப் போகும், ஸ்பார்க் வலுவாக விழும். ஆனால் கையை முறிக்கவும் வல்லது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடியுங்கள், பிடியைச் சுற்றி வளைக்காதீர்கள். எப்போதும் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலிருந்து அழுத்தக் கூடாது. டைமிங்கை மாற்றிவிட்டு இன்னும் சரிபார்க்காத வண்டிக்கு ஹேண்டிலே போடாதீர்கள். சரிவில் நின்ற வண்டியைத் தள்ளிவிட்டு ஸ்டார்ட் செய்வதானால், ஸ்டியரிங்கில் ஒருவர் இருக்க வேண்டும், பிரேக் பிடிக்கிறதா என்று முன்பே பார்த்திருக்க வேண்டும்.

ஐப்பசியிலேயே செய்துவைக்க வேண்டியவை

மழையும் பனியும் இறங்கும் முன் எர்த் பட்டையின் இரு முனைகளையும் தேய்த்து முடுக்குங்கள். பாயிண்ட் இடைவெளியை ஒரு முறை அளங்கள். பேட்டரியின் செல்ஃப் வோல்டேஜை ஒரு தாளில் குறித்து டேஷ்போர்டில் வையுங்கள், தை மாதத்தில் அளக்கும்போது ஒப்பிட அது வேண்டும். புதுப் பாயிண்ட்டும் கண்டன்சரும் ரோட்டாரும் போட்டு வண்டி ஒரு வாரம் நன்றாக ஓடிய பிறகு, கழற்றிய பழையவை இன்னும் வேலை செய்யும் நிலையில் இருந்தால் குப்பையில் போடாதீர்கள். துடைத்து, தாளில் சுற்றி, டூல் பெட்டியில் போட்டுவையுங்கள். வழியில் நின்றால், கடையில் வாங்கிய சோதிக்காத புதியதைவிட, இந்த வண்டியிலேயே ஓடிக்கொண்டிருந்த பழையதை நம்பி மாட்டலாம்.